மர்ரே புக்சின்: தொழிற்சங்கத்திலிருந்து சூழலியலுக்கு

1962-ஆம் ஆண்டின் முற்பகுதியில், நியூயார்க்கின் பெரிய பதிப்பகங்களில் ஒன்றான க்னாஃப், லூயிஸ் ஹெர்பர் என்பவர் எழுதிய 'நமது செயற்கைச் சுற்றுச்சூழல்' என்ற நூலை வெளியிட்டது. பூச்சிக்கொல்லி, உணவில் சேரும் ரசாயனம், சத்திழந்த மண், நகரத்துப் புகை, அணுக்கதிர்வீச்சு, புற்றுநோய் என்று எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்துச் சொன்னது அது. அதே ஆண்டு செப்டம்பரில் ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வந்தது. கார்சனின் பெயர் உலகமெங்கும் பரவியது. ஹெர்பரின் நூலைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போயிற்று. உண்மையில் லூயிஸ் ஹெர்பர் என்று ஒருவர் கிடையாது. மர்ரே புக்சின் என்ற முன்னாள் கம்யூனிஸ்ட், முன்னாள் டிராட்ஸ்கியவாதி (ஸ்டாலினை எதிர்த்த புரட்சியாளர் டிராட்ஸ்கியின் வழி நின்றவர்), முன்னாள் கார் தொழிற்சாலைத் தொழிலாளி வைத்துக்கொண்ட புனைபெயர் அது.

பறவை பார்த்தோ, மலையேறியோ, பிறந்த ஊர் ஆறு சாக்கடையானதைக் கண்டு மனம் நொந்தோ சுற்றுச்சூழல் அக்கறைக்கு வந்து சேர்பவர்கள் உண்டு. புக்சின் வந்தது அரசியல் ஏமாற்றத்தின் வழியாக. தொழிலாளி வர்க்கம் முதலாளித்துவத்தைத் தூக்கியெறியும் என்று இருபது ஆண்டுகள் நம்பியவர், அது நடக்காது என்ற முடிவுக்கு வந்தார். அப்படியானால் சம்பள உயர்வும் போனஸும் கொடுத்து முதலாளித்துவத்தால் சமாளிக்க முடியாத முரண்பாடு வேறு எங்கே இருக்கிறது என்று தேடினார். அது சாப்பாட்டுத் தட்டில் கிடைத்தது. அவருடைய சூழலியலின் பலமும் கோளாறும் இந்தத் தேடலிலிருந்தே வந்தவை என்பது என் எண்ணம்.

1921 ஜனவரியில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் புக்சின் பிறந்தார். வளர்த்தது பாட்டி. ஜார் ஆட்சிக்கு எதிராக இயங்கிய சோசலிசப் புரட்சியாளர் கட்சிக்காரர் அவர். ஸ்டெங்கா ராசின், புகச்சோவ் போன்ற விவசாயக் கிளர்ச்சித் தலைவர்களின் கதைகளைக் கேட்டுத்தான் பேரன் வளர்ந்தான். 1930-இல் பாட்டி இறந்தார். அதே ஆண்டு, ஒன்பது வயதில், கம்யூனிஸ்ட் கட்சியின் சிறார் அமைப்பில் சேர்ந்தான். பெருமந்தக் காலம் அது. கட்சிப் பத்திரிகையைத் தெருவில் கூவி விற்பதும், குரோடோனா பூங்காவில் பெட்டிமேல் ஏறிநின்று பேசுவதும்தான் அவனுக்குக் கல்வி. கல்லூரிப் பட்டம் கடைசிவரை இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஸ்டாலின் ஆடிய ஆட்டம் இளைஞரான புக்சினைக் கசப்படையச் செய்தது. 1939-இல் ஸ்டாலினும் ஹிட்லரும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது கட்சியோடு உறவு முறிந்தது.

அடுத்த கட்டம் நியூஜெர்சியில் ஒரு வார்ப்பட ஆலை. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றும் வேலையும் சங்கம் கட்டும் வேலையும் ஒருசேர நடந்தன. பிறகு ராணுவம். அதற்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ்.

அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றின் மிகப்பெரிய போராட்டங்களில் ஒன்றை அவர் உள்ளிருந்து பார்த்தது அங்கேதான். 1945 நவம்பரில் தொடங்கி 113 நாட்கள் ஜெனரல் மோட்டார்ஸ் வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் 3,20,000 தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். கார் விலையை ஏற்றாமல் கூலியை 30 சதவீதம் உயர்த்து, முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டு என்பது சங்கத்தின் கோரிக்கை. நிர்வாகம் புத்தகத்தைத் திறக்கவில்லை. மணிக்குப் பதினெட்டரை சென்ட் உயர்வோடு 1946 மார்ச்சில் போராட்டம் முடிந்தது. 1948 ஒப்பந்தத்தில் விலைவாசியோடு ஏறும் பஞ்சப்படி வந்தது. 1950-இல் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. பதிலுக்கு உற்பத்தியை எப்படி நடத்துவது என்பது முழுக்க நிர்வாகத்தின் உரிமை என்றாயிற்று.

சங்கக்காரர்களுக்கு இது வெற்றி. அதை வெற்றி இல்லை என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஓய்வூதியம் இல்லாத முதுமை எப்படியிருக்கும் என்று அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரியும். ஆனால் புக்சினுக்கு இது புரட்சியின் கதவு மூடப்பட்டதாகப் பட்டது. கணக்குப் புத்தகத்தைக் கேட்டவர்கள் பஞ்சப்படியோடு வீடு திரும்பிவிட்டார்கள். மார்க்ஸ் எதிர்பார்த்த மோதல் ஆலைக்குள் நடக்கப்போவதில்லை என்று முடிவு கட்டினார். அவசர முடிவுதான். அமெரிக்காவின் ஒரு தொழில்துறையில், ஒரு பத்தாண்டில் கண்டதை வைத்து உலகத் தொழிலாளர்கள் அனைவரையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்.

அந்த நேரத்தில் நியூயார்க்கில் யோசப் வேபர் என்ற ஜெர்மானிய அகதியைச் சுற்றி ஒரு சிறு குழு இருந்தது. டிராட்ஸ்கியவாதத்திலிருந்து விலகி வந்த அவர்கள், 1948 முதல் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஒரு காலாண்டிதழ் நடத்தினார்கள். புக்சின் அதில் பல புனைபெயர்களில் எழுதினார். 1952-இல் லூயிஸ் ஹெர்பர் என்ற பெயரில் வந்த நீண்ட கட்டுரையின் தலைப்பு 'உணவில் ரசாயனங்களின் பிரச்சினை'. அப்போது அவருக்கு வயது 31.

இடதுசாரிக் கோட்பாட்டு இதழில் இப்படி ஒரு தலைப்பு எப்படி வந்தது? 1950 முதல் 1952 வரை, நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் டிலேனி தலைமையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று உணவிலுள்ள ரசாயனங்கள் பற்றி விசாரணை நடத்திக்கொண்டிருந்தது. சாட்சியங்கள் பல ஆயிரம் பக்கங்கள். அதில் ஒரு விவகாரம் இது. 1947 முதல் கோழிப் பண்ணைகளில் சேவல்களுக்கு ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனைக் கொடுத்துவந்தார்கள். சிறு வில்லையாக்கி, கழுத்தின் மேல்பகுதியில் தோலுக்கடியில் வைத்துவிடுவார்கள். சேவல் சண்டையை விட்டுவிட்டுத் தின்று கொழுக்கும். கறி மிருதுவாக இருக்கும். வெட்டும்போது தலையோடு கழுத்தும் போய்விடும் என்பதால் கரையாமல் மிஞ்சிய மருந்து யார் வாய்க்கும் வராது என்பது கணக்கு. அந்தத் தலைகளைக் கழிவாக வாங்கிப் போனவர்கள் மிங்க் வளர்ப்பவர்கள். ரோமத்துக்காக வளர்க்கப்படும், கீரியைப் போன்ற அந்தப் பிராணிகள் கோழித்தலை தின்று குட்டி போடாமல் நின்றன. பண்ணைக்காரர்கள் புகார் செய்தார்கள். கோழிக்கு அந்த வில்லையைத் தடை செய்ய 1959 வரை ஆயிற்று.

இப்படிப்பட்ட சாட்சியங்களைப் படிக்கிற ஒரு பழைய கம்யூனிஸ்டுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. விஷம் தற்செயலாகக் கலக்கவில்லை. யாரும் சட்டத்தை மீறவும் இல்லை. சேவலைச் சீக்கிரம் கொழுக்க வைப்பவன் சந்தையில் நிற்பான், மற்றவன் மூடிவிட்டுப் போவான், அவ்வளவுதான். உழைப்புச் சுரண்டலைப் பற்றி அவர் படித்திருந்த அதே தர்க்கம் மண்ணிலும் மாட்டிலும் ரொட்டியிலும் வேலை செய்துகொண்டிருந்தது. இந்த முறை பாதிக்கப்படுவது ஆலைத் தொழிலாளி மட்டும் இல்லை, சாப்பிடுகிற எல்லோரும். பஞ்சப்படி கொடுத்து இதைச் சரிக்கட்ட முடியாது.

டிலேனி விசாரணையின் பலனாக 1958-இல் ஒரு சட்டப்பிரிவு வந்தது: மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் உண்டாக்கும் எந்தச் சேர்பொருளும் உணவில் அனுமதிக்கப்படாது. நல்ல சட்டம். புக்சினுக்கு அது போதவில்லை. ஒவ்வொரு ரசாயனமாகத் தடை செய்துகொண்டே போனால், தடை செய்வதைவிட வேகமாக அடுத்தது வரும் என்பதே அவர் வாதம். ஒரே பயிரை ஆயிரக்கணக்கான ஏக்கரில் விதைத்தால் பூச்சி வரத்தான் செய்யும். பெருநகரங்களுக்குத் தொலைதூரத்திலிருந்து உணவு வந்தால் கெடாமலிருக்க எதையாவது சேர்க்கத்தான் வேண்டும். ஆகவே பண்ணையின் அளவும் நகரத்தின் அளவும் மாறவேண்டும் என்ற இடத்துக்குப் போனார். ஊருக்கும் நகரத்துக்கும் உள்ள பிளவை ஒழிக்கவேண்டும் என்பது மார்க்சும் எங்கெல்சும் சொன்னதுதான். அவர்களைப் பின்பற்றியவர்கள் கிட்டத்தட்ட மறந்துவிட்ட அந்த வரியைப் புக்சின் தூசி தட்டி எடுத்தார்.

கார்சன் ஏன் வென்றார், புக்சின் ஏன் தோற்றார் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கார்சன் கடல் உயிரியலாளர். ஏற்கெனவே விற்பனையில் முதலிடம் பிடித்த எழுத்தாளர். 'மௌன வசந்தம்' நூலாக வருவதற்கு முன்பே 'நியூயார்க்கர்' இதழில் தொடராக வந்து நாட்டை உலுக்கியது. பூச்சிக்கொல்லி என்ற ஒரே இலக்கை எடுத்துக்கொண்டு, சான்று சான்றாக அடுக்கினார். ரசாயனக் கம்பெனிகள் எதிர்த்தன. கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963 மே மாதத்தில் கார்சனுக்கு ஆதரவாக அறிக்கை கொடுத்தது. அரசால் அவருக்குப் பதில் சொல்ல முடிந்தது: டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தடை செய்யலாம், பத்தாண்டு கழித்துச் செய்தது. நகரங்களைக் கலைத்துச் சிறு ஊர்களாக்கு என்று சொல்கிற புத்தகத்துக்கு எந்த அமைச்சகம் பதில் சொல்லும்? கார்சனைவிடப் புக்சின் ஆழமாகப் போனார் என்று அவரது ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. அகலமாகப் போனார் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆழத்தில் கார்சனை மிஞ்சினார் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. உயிரியல் தெரிந்தவரின் எழுத்துக்கும் உயிரியல் படித்துக்கொண்டவரின் எழுத்துக்கும் வேறுபாடு தெரிகிறது.

ஆனால் 1964-இல் எழுதிய 'சூழலியலும் புரட்சிச் சிந்தனையும்' கட்டுரை வேறு ரகம். அமெரிக்க இடதுசாரிகள் கறுப்பின மக்களின் சம உரிமை, வியட்நாம் போர் என்று கவனம் குவித்திருந்த நேரத்தில், சூழலியல் என்ற அறிவியல் துறையே தன்னளவில் ஒரு சமூக விமர்சனம் என்று அதில் வாதிட்டார். காடோ குளமோ நிலைத்திருப்பது அதில் வாழும் உயிர்களின் பன்மையால். சந்தையும் அதிகாரவர்க்கமும் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கின்றன. ஆகவே இரண்டும் ஒத்துப்போக முடியாது. அந்தக் கட்டுரையில்தான் இன்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பகுதி வருகிறது: நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் சேரும் கரியமில வாயு போர்வையாகி வெப்பத்தைத் தடுக்கும், புயல்கள் சீறும், இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் துருவப் பனி உருகிக் கடல்மட்டம் உயரும்.

இதை வைத்து அவரைத் தீர்க்கதரிசியாக்குவது தேவையற்றது. கை கேலண்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1938-இலேயே வெப்பநிலை உயர்வைக் கணக்கிட்டிருந்தார். அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958 முதல் ஹவாயில் மௌனா லோவா மலைமேல் கரியமில வாயுவை அளந்துகொண்டிருந்தார். விஞ்ஞானிகளுக்குத் தெரிந்ததைத்தான் புக்சின் படித்துச் சொன்னார். புதுமை அவர் அதை வைத்த இடத்தில் இருக்கிறது. எரிபொருள் மாறினால் ஆட்சிமுறையும் மாறவேண்டும் என்றார். சூரியனும் காற்றும் எங்கும் பரவிக் கிடப்பவை. ஒரு கிணறு, ஒரு குழாய், ஒரு முதலாளி என்று கட்டிவைக்க முடியாதவை என்று நினைத்தார். பெருநிறுவனங்கள் பாலைவனத்தில் பல்லாயிரம் ஏக்கருக்குச் சூரியத் தகடு விரிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தொழில்நுட்பம் தானாக ஜனநாயகத்தைக் கொண்டுவராது என்று அவரே பலமுறை எழுதியும், இயந்திரங்கள் உழைப்பை ஒழித்து எல்லோருக்கும் எல்லாம் கிடைக்கும் என்ற அறுபதுகளின் உற்சாகம் அவரையும் விடவில்லை. இயந்திரத்துக்கான உலோகம் யார் தோண்டும் சுரங்கத்திலிருந்து வரும் என்ற கேள்வி அந்தக் கட்டுரைகளில் ஒலிக்கவே இல்லை.

ஏட்டோடு நிற்கவில்லை அவர். 1962 டிசம்பரில் கான் எடிசன் மின்நிறுவனம் நியூயார்க் நகரத்துக்குள்ளேயே, குயின்ஸ் பகுதியின் ரேவன்ஸ்வுட்டில், அணு உலை கட்ட விண்ணப்பித்தது. லட்சக்கணக்கானவர்கள் வசிக்கும் இடம். எதிர்ப்பில் புக்சினும் இறங்கினார். 1964 ஜனவரியில் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் கோட்பாட்டை 1982-இல் வந்த 'சுதந்திரத்தின் சூழலியல்' விரிவாகச் சொல்கிறது. இயற்கையை ஆளவேண்டும் என்ற எண்ணமே மனிதன் மனிதனை ஆளத் தொடங்கிய பிறகுதான் வந்தது என்பது அதன் மையம். மூத்தோர் இளையோரை, ஆண் பெண்ணை, பூசாரி குடியானவனை, பின்பு அரசு எல்லோரையும் ஆண்டது. அந்தப் பழக்கத்தில்தான் ஆற்றையும் காட்டையும் அடிமையாகப் பார்க்கக் கற்றோம் என்றார். மார்க்சியர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லி வந்தார்கள்: இயற்கையை வெல்லவே மனிதர்கள் ஒருவரையொருவர் ஆளவேண்டியதாயிற்று என்று. வர்க்கம் ஒழிந்தாலும் அதிகாரப் படிநிலை ஒழியாது என்பதைச் சோவியத்தின் வரலாற்றிலிருந்து கற்றவருக்கு இந்தத் திருப்பம் அவசியமாக இருந்தது. சாதி தெரிந்த நமக்கும் இதில் உறைக்கிற உண்மை உண்டு. ஆனால் வரலாறாகப் பார்த்தால் கோட்பாடு ஆட்டம் காண்கிறது. அரசும் வர்க்கமும் இல்லாத வேட்டைச் சமூகங்கள் கால் வைத்த நிலப்பரப்புகளில் பெருவிலங்குகள் அழிந்ததில் மனிதர்களின் பங்கு பற்றி ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அதிகாரமற்ற சமூகம் தானாகவே இயற்கையோடு இணங்கி வாழும் என்பதற்கு அவர் தந்த சான்று போதாது.

இந்தக் கோட்பாடே அவரைச் சூழலியக்கத்துக்குள் பெரிய சண்டைக்காரராகவும் ஆக்கியது. பூமிக்குப் பாரம் மக்கள்தொகைதான் என்றவர்களை அறுபதுகளின் கடைசியிலிருந்தே எதிர்த்துவந்தார். பால் எர்லிக்கின் 'மக்கள்தொகைக் குண்டு' 1968-இல் டில்லித் தெருவின் கூட்டத்தைப் பார்த்த திகிலோடு தொடங்கியதை நினைத்துக்கொண்டால் அவர் கோபம் புரியும். 1986-இல் 'பூமியே முதலில்' என்ற தீவிரக் காடு காப்பு இயக்கத்தின் டேவ் ஃபோர்மன் ஒரு பேட்டியில், எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு உதவாமல் இயற்கை தன் சமநிலையைத் தேடிக்கொள்ள விட்டுவிடுவதே நல்லது, அங்குள்ளவர்கள் பட்டினி கிடக்கட்டும் என்ற பொருளில் பேசினார். அடுத்த ஆண்டு மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்டில் நடந்த பசுமை இயக்கத்தினரின் முதல் தேசியக் கூட்டத்தில் புக்சின் பொரிந்து தள்ளினார். மனித இனம் என்று பொதுவாகப் பழி சொல்வது, கூலிக்காரனையும் எண்ணெய்க் கம்பெனி முதலாளியையும் ஒரே கூண்டில் நிறுத்துவது என்றார். சொன்னது சரி. சொன்ன விதம் பாதி அவையைப் பகையாக்கியது. மற்ற உயிர்களைவிட மனிதன் மேலானவன் இல்லை என்று சொல்லும் ஆழ்சூழலியலாளர்கள் எல்லோரையும் ஃபோர்மனோடு சேர்த்துக் கட்டியது நியாயமும் இல்லை. பின்னர் இருவரும் ஒரே மேடையில் உரையாடினார்கள்; ஃபோர்மன் தன் பேச்சுக்கு வருந்தினார். 1989-இல் இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, ஆளில்லாக் காடு என்ற அமெரிக்கக் கனவை இந்தியாவுக்கு இறக்குமதி செய்தால் அங்கு வாழும் ஏழைகள்தான் வெளியேற்றப்படுவார்கள் என்று எழுதினார். வேறொரு மூலையிலிருந்து வந்த, புக்சினுடையதைவிடத் திடமான வாதம் அது.

எழுபதுகளில் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த புக்சின், 1974-இல் அங்கே சமூகச் சூழலியல் நிலையத்தை டான் சோடர்காஃபுடன் சேர்ந்து தொடங்கினார். பிறகு அவர் வாழ்ந்த பர்லிங்டன் நகரத்துக்கு 1981-இல் ஒரு சோசலிஸ்ட் மேயர் வந்தார்: பெர்னி சாண்டர்ஸ். சாம்ப்ளேன் ஏரிக்கரையில் ஓட்டல், அடுக்குமாடி வீடுகள், கடைகள் என்று பெரிய திட்டம் ஒன்றைச் சாண்டர்ஸ் ஆதரித்தார். அதற்கான கடன்பத்திரம் 1985 டிசம்பரில் மக்கள் வாக்குக்கு வந்தது. பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. அடுத்த ஆண்டு புக்சின் மேயரைக் காட்டமாக விமர்சித்து எழுதினார். வரி வருவாயும் வேலைவாய்ப்பும் மட்டுமே தெரிகிற சோசலிசம் கிழடுதட்டிவிட்டது என்பது சாரம். கரையின் நிரப்பப்பட்ட நிலம் பொதுநலனுக்கே உரியது என்று 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல, இன்று அங்கே பூங்காவும் சைக்கிள் பாதையும் இருக்கின்றன. அதற்கான பெருமையைச் சாண்டர்ஸ் தரப்பும் எடுத்துக்கொள்கிறது. தெருக்காரர்கள் நேருக்கு நேர் கூடி முடிவெடுக்கும் சபைகள், அவற்றின் கூட்டமைப்பு என்ற அரசியல் திட்டத்தைப் புக்சின் முழுமையாக வகுத்தது இந்த ஆண்டுகளில்தான். நியூ இங்கிலாந்தின் பழைய ஊர்க்கூட்ட வழக்கம் அவர் கண்முன் இருந்தது.

கம்யூனிசத்தை விட்டபின் அரசே வேண்டாம் என்னும் அரசின்மைவாதிகளோடு சேர்ந்திருந்தவர், வயதான காலத்தில் அவர்களோடும் பிணங்கி 1999-இல் அவர்களிடமிருந்தும் விலகினார். அதே ஆண்டு துருக்கியிடம் பிடிபட்டு இம்ராலி தீவுச் சிறையில் அடைக்கப்பட்ட குர்து தலைவர் அப்துல்லா ஓசலான், புக்சினின் நூல்களைத் துருக்கி மொழிபெயர்ப்பில் படித்தார். 2004-இல் இடையாட்கள் வழியாகக் கடிதம் வந்தபோது புக்சின் உடல் தளர்ந்திருந்தார்; சில கடிதங்களோடு தொடர்பு நின்றது. 2006 ஜூலை 30 அன்று பர்லிங்டனில் இறந்தார். ஓசலான் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, புக்சினின் சபைத் திட்டத்தையும் உள்வாங்கி முன்வைத்த ஜனநாயகக் கூட்டமைப்புவாதம், 2012-க்குப் பிறகு வடகிழக்குச் சிரியாவின் ரோஜாவாவில் வட்டார மன்றங்களாகவும் ஆண் பெண் இணைத்தலைமையாகவும் உருவெடுத்தது.

அடிப்படை ஜனநாயகம், பெண் விடுதலை, சூழலியல் என்று மூன்று தூண்களை அந்த நிர்வாகம் அறிவித்தது. முதல் இரண்டில் எவ்வளவோ நடந்தது. மூன்றாவது பெரும்பாலும் காகிதத்தில் நின்றது. பழைய ஆட்சி விட்டுப்போன ஒற்றைக் கோதுமைப் பயிர், போர், முற்றுகை, வறட்சி, மேலே துருக்கியின் அணைகள். நிர்வாகத்தின் வருமானத்தில் பெரும்பகுதி ருமைலான் பக்கத்து எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்தது. முறையான சுத்திகரிப்பு ஆலை இல்லாததால் திறந்தவெளியில் தொட்டி வைத்துக் கச்சா எண்ணெய் காய்ச்சினார்கள். கழிவு ஓடைகளில் கலந்தது, பக்கத்துக் கிராமத்தவர்கள் மூச்சுக்கோளாறு என்று முறையிட்டார்கள். வட்டார மன்றங்களில் அந்த முறையீடு எழுந்தது. மாற்று வருமானம் என்ன என்ற இடத்தில் பேச்சு முட்டி நின்றது. அதற்கு உதவும் பக்கம் எதுவும் புக்சினின் நூல்களில் இல்லை.